கழற்றட்டும் கருவி, இறுக்கட்டும் கை

என் அக்காள் மகன் படிவம் 4 மாணவன். போன பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். சுவரில் துளைபோடும் கருவியைப் போன்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கார்ச் சக்கரத்தின் அருகே குந்துகிறார். 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஒரு நட்டு கழன்று கையில் விழுகிறது. அடுத்த 'டர்ர்ர்', அடுத்த நட்டு. பத்து வினாடியில் சக்கரம் வெளியே வந்துவிட்டது.

"பார்த்தீங்களா மாமா, வயர் இல்ல, கம்ப்ரசர் இல்ல. வெறும் பேட்டரிதான். நம்ம காருக்கும் ஒன்னு வாங்கிப் போடுவோமே."

அதன் பெயர் இம்பேக்ட் ரெஞ்ச். டயர் கடைகளில் காற்றுக்குழாயோடு கிடக்குமே, 'கன்' என்பார்களே, அதன் கம்பியில்லாத தம்பி. "வாங்கலாம்டா, ஆனா அதை வச்சு நட்டைக் கழட்டத்தான் விடுவேன். இறுக்க விடமாட்டேன்" என்றேன். அவன் என்னைப் பழைய காலத்து ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். கழற்றுகிற இயந்திரம் இறுக்கவும் செய்யுமே, பிறகென்ன என்பது அவன் கேள்வி. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஈப்போவில் ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிலிம் ரிவரைத் தாண்டியதும் பின்சக்கரம் காற்றிழந்தது. மாலை ஆறரை மணி, தூறல் வேறு. காரை அவசரத் தடத்தின் ஓரத்தில் நிறுத்தி, முக்கோணப் பலகையைப் பின்னால் வைத்து, அம்மாவை இரும்புத் தடுப்புக்கு அப்பால் குடையோடு நிற்க வைத்தேன். மாற்றுச் சக்கரம் இருந்தது. ஜாக் இருந்தது. காரோடு வந்த ஸ்பேனரும் இருந்தது. பத்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் குந்தினேன்.

நான்கு நட்டில் ஒன்றுகூட அசையவில்லை. கையால் அழுத்தினேன், காலால் மிதித்தேன். ஸ்பேனர் வழுக்கி நட்டின் மூலைகள் மழுங்கத் தொடங்கியதுதான் மிச்சம். லாரிகள் என்னிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் பறந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது கார் ஆடியது. கடைசியில் ஒரு லாரி ஓட்டுநர் முன்னால் நிறுத்தி, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள இரும்புக்குழாயோடு வந்தார். அதை ஸ்பேனரின் பிடியில் செருகி, தம் முழு எடையையும் போட்டு அழுத்தினார். மூன்று நட்டுகள் கீச்சென்று கத்திக்கொண்டே இளகின. நான்காவது நட்டு, போல்ட்டோடு சேர்ந்து முறிந்தது. மூன்று நட்டில் வண்டியை ஓட்ட மனம் வரவில்லை. இழுவை வண்டி வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதாகிவிட்டது. அம்மா அதுவரை ஈரத்தில் நின்றார்.

அந்த டயர்களை ஐந்து மாதத்திற்கு முன்புதான் ஒரு கடையில் மாற்றியிருந்தேன். கடைக்காரர் வேகமான ஆள். காற்றுக் கன்னை வைத்து, நட்டு சுழல்வது நின்ற பிறகும் இரண்டு மூன்று வினாடி 'டர்ர்ர்' என்று ஓடவிட்டார். நன்றாக இறுக்கிக் கொடுக்கிறார் என்று எனக்குக்கூட அப்போது மகிழ்ச்சிதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். பள்ளியில் 'மோமென் டாயா' படித்திருப்பீர்கள். தமிழில் முறுக்குவிசை என்று வைத்துக்கொள்ளலாம். விசையை, அது திருப்பும் மையத்திலிருந்து செயல்படும் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது. நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் வீட்டுக் காருக்குச் சரியான அளவு கையேட்டில் இருக்கிறது, பாருங்கள். காரோடு வரும் ஸ்பேனரில் கை பிடிக்கும் இடம் நட்டின் மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 100 நியூட்டன் மீட்டருக்கு 400 நியூட்டன் விசை வேண்டும். அதாவது 40 கிலோ எடையை அந்தப் பிடியில் தொங்கவிட்டதுபோல. 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவர் தம் எடையில் ஐந்தில் நான்கு பங்கைப் போட்டு அழுத்தவேண்டும். பிடியின் நீளத்தை 50 சென்டிமீட்டராக்கினால் 200 நியூட்டன் போதும். 10 கிலோ அரிசி மூட்டை இரண்டின் எடை. நெம்புகோல் பாடம் அவ்வளவுதான்.

இப்போது அந்த லாரி ஓட்டுநரைப் பாருங்கள். ஒரு மீட்டர் குழாய், அதன் நுனியில் குறைந்தது 50 கிலோ. 500 நியூட்டன் மீட்டர் வருகிறது. ஐந்து மாதத்துத் துருவுக்கு ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும், அந்த நட்டு இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு இறுக்கப்பட்டிருந்தது தெரிகிறது. நான் எவ்வளவு மிதித்தாலும் அந்தக் குட்டை ஸ்பேனரால் அது கழன்றிருக்காது.

"ரொம்ப இறுக்கமா இருந்தா நல்லதுதானே மாமா, கழன்று விழாதே?" என்று அவன் கேட்டான். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நட்டு என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

சக்கரத்தைத் தாங்கும் ஹப்பிலிருந்து போல்ட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ரிம்மை மாட்டி நட்டை இறுக்குகிறோம். இறுக்க இறுக்க, போல்ட் ரப்பர் வளையம்போல் இழுபடுகிறது. எஃகு இழுபடுமா என்று கேட்காதீர்கள், இழுபடும். ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டிய அளவுதான், ஆனால் அந்தச் சின்ன நீட்சிக்குள் பெரிய விசை ஒளிந்திருக்கிறது. 12 மில்லிமீட்டர் போல்ட்டில் 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், அது ரிம்மை ஹப்போடு சேர்த்து அழுத்தும் விசை ஏறக்குறைய 40,000 நியூட்டன். நான்கு டன் எடைக்குச் சமம். காட்டில் திரியும் ஓர் ஆண் யானையின் எடை என்று சொல்லலாம். ஒரு சக்கரத்துக்கு நான்கு போல்ட் என்றால் நான்கு யானைகள் சேர்ந்து ரிம்மை ஹப்போடு அழுத்துகின்றன. கார் என்னவோ ஒரு டன்தான்.

இவ்வளவு அழுத்தம் எதற்கு? சக்கரத்தைப் பிடித்துவைப்பது முக்கியமாக ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையிலுள்ள உராய்வு. இரண்டும் வழுக்காமல் ஒட்டியிருக்கும்வரை, குழியில் விழுந்தாலும் பிரேக் போட்டாலும் போல்ட் பெரிதாக வளைந்து நிமிராது. அழுத்தம் குறைந்தால் ரிம் நுண்ணிய அளவில் அசையத் தொடங்கும், நட்டு இளகும், போல்ட் களைத்துப்போய் ஒருநாள் முறியும். சரி, கூடினால்? ரப்பர் வளையத்தை அளவுக்கு மேல் இழுத்தால் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது அல்லவா? எஃகும் அப்படியே. மீள்தன்மை எல்லையைத் தாண்டிய போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும், புரி சிதையும். சமமில்லாத இறுக்கம் பிரேக் தட்டைக் கோணலாக்கி, பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் காலில் அதிர்வு வரச் செய்யும். எனக்கு முறிந்த அந்த நான்காவது போல்ட் அன்று சிலிம் ரிவரில் கெட்டுப்போனதல்ல. ஐந்து மாதத்திற்கு முன்பே கடையில் கெட்டுப்போனது.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. நாம் ஸ்பேனரில் செலவிடும் முறுக்குவிசையில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கும் வேலைக்குப் போகிறது. மற்ற ஒன்பது பங்கையும் உராய்வு தின்றுவிடுகிறது. பாதி நட்டின் அடியில், மீதி புரிகளுக்குள். ஆகவே உராய்வில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும் பத்தில் ஒன்று என்ற அந்தப் பங்கு பெரிதும் மாறிவிடும். துருப்பிடிக்கக்கூடாது என்று புரியில் எண்ணெய் தடவுகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் எண்ணெய் பட்ட புரியில் அதே 100 நியூட்டன் மீட்டர், போல்ட்டைப் பாதிப் பங்குகூட அதிகமாக இழுத்துவிடலாம். கையேடு சொன்னாலன்றி எண்ணெய் வேண்டாம். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துவிட்டால் போதும்.

இம்பேக்ட் ரெஞ்சின் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம்; எனக்குப் பிடித்த பகுதி இது. ஆணியைக் கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் மரத்தில் இறங்காது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் இறங்கிவிடும். சுத்தியலின் உந்தம் மிகக் குறுகிய நேரத்தில் நின்றுபோவதால் பெரும் விசை பிறக்கிறது. படிவம் 4 இயற்பியலில் வரும் 'டாயா இம்புல்ஸ்' இதுதான். இந்தக் கருவிக்குள்ளும் ஒரு சுத்தியல் உண்டு, ஆனால் அது வட்டமாகச் சுழலும் சுத்தியல். நட்டு எளிதாகச் சுழலும்வரை மோட்டார் நேராகச் சுழற்றுகிறது. நட்டு எதிர்த்தால், சுத்தியல் ஒரு சுருள்வில்லை அழுத்திக்கொண்டு பின்வாங்கி, தடையைத் தாண்டிச் சுழன்று, பட்டறைக்கல் போன்ற ஒரு துண்டை அறைகிறது. மறுபடி பின்வாங்கி மறுபடி அறைகிறது. நிமிடத்துக்கு 2,000, 3,000 முறை. அந்த 'டர்ர்ர்' ஒவ்வொரு அறையின் ஓசையும் சேர்ந்தது.

அதனால்தான் கையடக்கக் கருவி ஒன்றால் 300, 500, பெரிய வகையென்றால் 1,000 நியூட்டன் மீட்டரும் தரமுடிகிறது. ஆனாலும் நம் மணிக்கட்டு திருகிக்கொள்வதில்லை. ஒவ்வொரு அறையும் அவ்வளவு குறுகியது. வினைக்கு எதிர்வினை உண்டு என்று நியூட்டன் சொன்னது பொய்யாகவில்லை. அந்த எதிர்வினை பெரும்பாலும் சுழலும் சுத்தியலோடு முடிந்துபோகிறது, நம் கைக்கு மிச்சம்தான் வருகிறது. 1961இல் கம்பியில்லாத துளைக்கருவியை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், அதே 1960களில் நாசாவின் ஜெமினி திட்டத்துக்கு ஒரு சிறப்பு ரெஞ்ச் உருவாக்கியது. எடையற்ற வெளியில் நட்டைத் திருப்பப் போய் விண்வெளி வீரரே சுழன்றுவிடக்கூடாதே!

சாதாரணத் துளைக்கருவியைக் கொண்டு சக்கர நட்டைக் கழற்ற நினைக்காதீர்கள். அதற்குள் சுத்தியல் இல்லை. நட்டுக்குப் பதில் உங்கள் மணிக்கட்டுதான் திரும்பும். வீட்டிலிருக்கும் பளபளப்பான சாக்கெட்டையும் இம்பேக்ட் ரெஞ்சில் மாட்டக்கூடாது. அது கைக்கென்று செய்த கெட்டியான எஃகு, தொடர்ந்து அறை வாங்கினால் விரிசல்விட்டுத் தெறிக்கும். இதற்கென்றே கறுப்பு நிறச் சாக்கெட் விற்கிறார்கள்.

கழற்றுவதில் இந்தக் கருவிக்கு நிகர் இல்லை. துருவின் பிடியை நிதானமான அழுத்தத்தைவிட அடுத்தடுத்த அறைகள் எளிதில் உடைக்கின்றன. சிலிம் ரிவரில் என்னிடம் ஒன்று இருந்திருந்தால் அம்மா அவ்வளவு நேரம் நனைந்திருக்கமாட்டார். அக்காள் மகன் இதைவிட வலுவான காரணம் ஒன்றைச் சொன்னான்: "அம்மா தனியா வேலைக்குப் போறாங்க. அவங்களுக்கு மணிக்கட்டு வலி வேற. 400 நியூட்டன் அவங்களால முடியுமா மாமா?" எனக்குப் பதில் இல்லை. உடல் வலு குறைந்தவர்களுக்கு இது விளையாட்டுப் பொருளே அல்ல என்பதை ஒப்புக்கொண்டேன். நாள் முழுக்கச் சக்கரம் கழற்றும் பட்டறைத் தொழிலாளியின் தோளுக்கும் அப்படித்தான்.

ஆனால் இறுக்கும்போது இந்தக் கருவி குருடு. எவ்வளவு முறுக்குவிசை போய்ச் சேர்ந்தது என்று பெரும்பாலான இம்பேக்ட் ரெஞ்சுகள் அளப்பதில்லை. பேட்டரி நிறைந்திருந்தால் ஒரு பலம், இறங்கியிருந்தால் இன்னொரு பலம். நீள இணைப்பு மாட்டினால் அறையில் ஒரு பகுதி அதிலேயே கரையும். விசையை அரை வினாடி கூடுதலாக அழுத்தினால் அறைகள் இருபது கூடிவிடும். சிலவற்றில் 1, 2, 3 என்று வேகப் படிகள் இருக்கின்றன. அவை கருவியின் ஆவேசத்தைக் குறைக்குமே தவிர, 100 நியூட்டன் மீட்டரில் நில் என்ற கட்டளையாகிவிடாது.

இதற்கென்று இருப்பது டார்க் ரெஞ்ச். அளவைத் திருகி வைத்து, கையால் நிதானமாக இழுத்தால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அங்கே நிறுத்தவேண்டும். பேட்டரியும் வேண்டாம், பலமும் அதிகம் வேண்டாம். பிடி நீளமாக இருக்கும். எளிய வகை நூறு ரிங்கிட்டை ஒட்டிய விலைக்கே கிடைக்கிறது. இம்பேக்ட் ரெஞ்ச் வாங்கிவிட்டு இதை வாங்காமல் விடுவது, பந்தயக் கார் வாங்கிவிட்டு வேகமானியைக் கழற்றி வீசுவதுபோல.

பந்தயம் என்றதும் நினைவுக்கு வருகிறது. செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 போட்டி நடந்தது. குழியிடத்தில் கார் நின்று கிளம்புவதைக் கண்ணிமைக்காமல் பார்த்தவர்களில் நானும் ஒருவன். 2023 கத்தார் போட்டியில் மெக்லாரன் குழு நான்கு சக்கரங்களையும் 1.80 வினாடியில் மாற்றியது. அங்கே சக்கரத்துக்கு ஒரே நட்டு, அழுத்தப்பட்ட வாயுவில் ஓடும் கன், வருடம் முழுக்கப் பயிற்சி எடுத்த ஆட்கள். அவர்களுக்கே 2018 ஆஸ்திரேலியப் போட்டியில் என்ன நடந்தது தெரியுமா? ஹாஸ் அணியின் இரண்டு கார்களும் நான்காவது, ஐந்தாவது இடங்களில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் சில சுற்று இடைவெளியில் சக்கரம் மாற்ற வந்தன. இரண்டிலும் நட்டு சரியாகப் பொருந்தாமல், கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. புரி கோணலாக ஏறிய நட்டையும் கன் வேகமாகச் சுழற்றி இறுக்கிவிடும். நேராக ஏறிய நட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் கன்னுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும். முதல் நாலைந்து சுற்றைக் கையாலேயே ஏற்றவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

கடையில் நாம் நின்று பார்க்கலாம் என்பதையும் சொல்லவேண்டும். கன்னால் நட்டை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்கட்டும், அவருக்கும் நாலு வண்டி காத்திருக்கும். ஆனால் கடைசி இறுக்கத்துக்கு, "போஸ், போலே பாக்காய் டார்க் ரெஞ்ச்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் இப்போது கேட்கிறேன். ஒருவர் மட்டும் ஒரு மாதிரி பார்த்தார், பிறகு எடுத்து வந்தார். உங்கள் அப்பா கேட்கக் கூச்சப்பட்டால் நீங்கள் கேளுங்கள்.

காணொளிகள் காட்டாத விஷயம் ஒன்று நம் ஊர் வெயில். அவசரத்துக்கென்று வாங்கும் கருவி காரிலேயே கிடக்கவேண்டும், இல்லையென்றால் அவசரத்துக்கு உதவாது. நண்பகலில் திறந்தவெளியில் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள், ஸ்டியரிங்கைத் தொடமுடியாது. இந்தக் கருவிகளில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 50 டிகிரி செல்சியஸை எட்டக்கூடிய இடத்தில் வைக்காதீர்கள் என்று கையேடுகளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். வெப்பத்தில் கிடக்கும் பேட்டரி சீக்கிரம் கிழடாகும், அபாயமும் உண்டு. ஆறு மாதம் பின்பெட்டியில் வெந்துவிட்டு, ஓர் இரவு மழையில் தேவைப்படும்போது அது விழித்துக்கொள்ளும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஆகவே பின்பெட்டியில் கிடக்கவேண்டியது நீண்ட பிடியுள்ள ஒரு சாதாரண ரெஞ்ச். கருவி வீட்டில் இருக்கட்டும். தொலைதூரம் போகும் நாளில் மின்னேற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

இன்னொரு பயமும் எனக்குண்டு. 'ஒரு நிமிட வேலைதானே' என்று நெடுஞ்சாலையோரத்தில் குந்த இந்தக் கருவி ஆசைகாட்டும். சக்கரம் மாற்றுவதில் நட்டுக்குப் போகும் நேரம் சிறுபங்குதான். கல் அணைப்பது, ஜாக்கைச் சரியான இடத்தில் வைப்பது, சக்கரத்தைத் தூக்கி மாட்டுவது எல்லாம் அப்படியே இருக்கின்றன. லாரிகள் பறக்கும் ஓரத்தில், எல்லோரையும் தடுப்புக்கு அப்பால் அனுப்பிவிட்டு ரோந்துக் குழுவை அழைப்பதே சரி. அன்று நான் குந்தியது தவறு. இப்போது செய்யமாட்டேன்.

கடந்த ஞாயிறன்று அவனோடு ஓர் ஒப்பந்தம் போட்டேன். எங்கள் வீட்டு வாசலில், சமதரையில், என் காரின் நான்கு சக்கரத்தையும் முதலில் கையால் கழற்றி மாட்டவேண்டும். அதன்பிறகு கருவி வாங்கித் தருகிறேன். கைப்பிரேக்கை இழுத்து, எதிர்ச்சக்கரத்துக்குச் செங்கல் அணைத்தான். தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று இளக்கினான், பிறகுதான் ஜாக். ஜாக்கில் நிற்கும் காருக்கு அடியில் கையோ காலோ போகக்கூடாது என்பதை நான் மூன்று முறை சொன்னேன், அவன் மூன்று முறையும் "தெரியும் மாமா" என்றான். மாட்டும்போது நட்டுகளை விரலால் ஏற்றி, எதிரெதிராகக் குறுக்கே மாற்றி மாற்றிச் சேர்த்து, காரை இறக்கியபிறகு டார்க் ரெஞ்சில் 'டக்', 'டக்' என்று நான்கு முறை. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்துப்போனது. 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்கவேண்டும் என்றதும், "லாரி நட்டுல மஞ்சள் பிளாஸ்டிக் அம்பு இருக்குமே, அது இதுக்குத்தானா?" என்று கேட்டான். அதற்குத்தான். நட்டு இளகித் திரும்பினால் அம்பும் கோணிக்கொள்ளும், ஓட்டுநர் நடந்துகொண்டே பார்த்துவிடலாம்.

மூன்று சக்கரம் முடிந்தது. நான்காவது, இடப்பக்கப் பின்சக்கரம். அதில் ஒரு நட்டு, அவன் மிதித்தும் நான் மிதித்தும் அசையவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கருவி அடுத்த வாரம் வருகிறது. அந்த நட்டு காத்திருக்கிறது.